பெயரைப் பார்த்து எடுத்த பிளாக்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினுக்கு மாலை போட்டார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. காரைக்குடியில் எதை வாங்கினாலும் முதலில் அதற்குப் பொட்டு வைத்தாக வேண்டும். மெஷினின் வேலை சின்னதுதான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் கேசட்டின் மேல் பார்கோடு அடிக்கும். இனி லேபில் யாரும் பென்சிலால் நம்பர் எழுத வேண்டாம்.

ஓய்வு பெற்றவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லேப் பிள்ளைகள், "பஞ்சக்கா, நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். நான் நாலு வார்த்தையில் நிறுத்துகிறவள் இல்லை என்று தெரிந்தும் கேட்டது அவர்கள் குற்றம். கேசரி ஆறிப் போகிற வரைக்கும் பேசினேன். பேசியதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால், மேடையில் விட்டுவிட்டதெல்லாம் வந்து முன்னால் நிற்கிறது.

என் பெயர் பஞ்சவர்ணம். சொந்த ஊர் நாச்சியாபுரம் பக்கம். அப்பாவுக்குக் கடலையும் கொஞ்சம் நெல்லும். பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்புப் படித்தேன். "டாக்டருக்கா படிக்கிறே?" என்று ஊரில் கேட்டவர்களிடம், "இல்லை, டாக்டருக்கு வெட்டிக் குடுக்கப் படிக்கிறேன்" என்பேன். அந்த இரண்டு வருடத்தில் கற்றதைவிட, பார்மலின் வாசனையோடு வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் விடமாட்டாள் என் மாமியார் என்பதைப் பிற்பாடு கற்றதுதான் அதிகம்.

வெட்டுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனில் எடுத்த சதையைப் பக்குவப்படுத்தி, உருக்கிய மெழுகில் அமிழ்த்தி ஆறவிட்டால் அது ஒரு கட்டையாக உறையும். அதற்குப் பெயர் பிளாக். ஒரு தீப்பெட்டியில் பாதி இருக்கும். அதை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, மைக்ரோடோம் என்கிற சீவல் மெஷினில் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினால், மூன்று மைக்ரான் கனத்தில் மெழுகு நாடாவாக இறங்கி வரும். அந்த நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ஏந்த வேண்டும். மூச்சை வேகமாக விட்டால் நாடா பறந்துவிடும். மின்விசிறி போடக்கூடாது. சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் காரைக்குடியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்த ஏரியாவில் என்னைப்போல் சுருக்கமில்லாமல் வெட்ட ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் சொன்னார்கள். அதுதான் வினை.

எங்கள் பெத்தாலஜிஸ்ட் டாக்டர் சேவியர். ஒல்லியான மனிதர். டீயை வாங்கி மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்து, அது பச்சைத் தண்ணீர் ஆன பிறகு ஒரே மடக்கில் குடிப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை "பஞ்சவர்ணம்மா" என்பார். "மேடம்" என்று ஆரம்பித்தால் நான் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்று அர்த்தம். ஸ்லைடைப் பார்த்துச் சந்தேகமாக இருந்தால் ரிப்போர்ட்டில் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று கூச்சமில்லாமல் எழுதுவார். "தெரியலைன்னு எழுதுறதுக்கும் படிச்சிருக்கணும்மா" என்பார்.

அவர் வைத்த விதி ஒன்று உண்டு. எந்த பிளாக்கைத் தொட்டாலும் ஒருவர் நம்பரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லக்கூடாது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் ஏதோ ஏலம் விடுவதாகத் தோன்றும். இந்தச் சீமையில் அந்த விதிக்குத் தேவை அதிகம். இங்கே செட்டியார் வீடுகளில் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் ஐயா பெயரைப் பேரனுக்கும் வைப்பார்கள். அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு வீட்டிலும் ஒரே பெயரில் பெண் இருக்கும். அவர்களுக்குள் குழப்பமே வராது. ஏனென்றால் பெயருக்கு முன்னால் மூன்று நாலு எழுத்துத் தொடர் இருக்கும். விலாசம் என்பார்கள். பாட்டன் எழுத்து, அப்பன் எழுத்து என்று வரிசையாக வரும். அதைச் சொன்னால் எந்த ஊர், எந்த வீடு, எந்தப் பங்கு என்று தெரிந்துவிடும். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இனிஷியலுக்கு ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தான் புண்ணியவான். மூன்று தலைமுறையைச் சொன்னாலும் அது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இனி மீனாட்சி ஆச்சி.

ஆச்சிக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அறுபதாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஆஸ்பத்திரிக்கும் தானே ஓட்டிக்கொண்டுதான் வருவார். பக்கத்து சீட்டில் அவர் மகள் உமையாள் கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருப்பாள். ஏழு வருடங்களுக்கு முன் ஆச்சிக்கு வலப்பக்க மார்பில் புற்று வந்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, நல்லபடியாக இருந்தார். இப்போது இடப்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி, அதே பக்கம் அக்குளில் நெறிக்கட்டு. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், நான் வெட்டினேன், டாக்டர் பார்த்தார். புற்றுதான்.

கேள்வி அதற்குப் பிறகுதான். பழைய புற்றுதான் வலப்பக்கத்திலிருந்து தாண்டி வந்து இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது இது தனியாக முளைத்த புதுப் புற்றா? புதுசு என்றால் கத்தியை வைத்து முழுசாக எடுத்துவிடலாம், குணமாகும். பழசு பரவியது என்றால் அறுப்பதில் பிரயோசனம் இல்லை, உடம்பு முழுவதற்குமாக மருந்தில்தான் பிடித்து வைக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே முகம். டாக்டர் வழக்கம்போல் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று எழுதிவிட்டு, சென்னை லேபுக்கு இரண்டு கட்டியையும் அனுப்பி ஜீன் குறிகளை ஒப்பிடச் சொன்னார்.

ஆச்சி கேட்டார். "அதென்ன டாக்டர், குறி கிறின்னு சொல்றீக? எனக்கு வெளங்குறாப்ல சொல்லுங்க."

டாக்டர் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். "உங்க வீட்டு ஆளுக பர்மாவுக்கு, மலேயாவுக்கெல்லாம் கொண்டுவிக்க, யாவாரத்துக்குன்னு போனாங்கல்ல ஆச்சி, போன இடத்துல விலாசத்தை மாத்திக்கிட்டாங்களா?"

"அதெப்படி மாத்துவாக? கப்பலேறுனாலும் விலாசம் விலாசந்தான்."

"அதேதான். புற்று செல்லு முதல்ல கெடும்போது அதோட ஜீன்ல சில எழுத்து தப்பாப் போயிரும். அதுக்குப் பொறந்தது, அதுக்குப் பொறந்ததுன்னு எங்க போய்க் குடியேறினாலும் அதே தப்பு எழுத்தோடதான் இருக்கும். வழியில ரெண்டு எழுத்து கூடுதலாச் சேரலாம், பழசு அழியாது. இடப்பக்கத்துல இருக்கவன் விலாசத்தைப் படிச்சா, வலப்பக்கத்து வீட்டாளா, அசலூர்க்காரனான்னு தெரிஞ்சுபோகும்."

ஆச்சி தலையை ஆட்டினார். "அசலூர்க்காரனாவே இருக்கட்டும், சாமி. வெரட்டி விட்டுரலாம்" என்றார்.

பழைய பிளாக்கை எடுக்க வேண்டியது என் வேலை. நம்பர் வேண்டும். நம்பர் பழைய ரிப்போர்ட்டில் இருக்கும். உமையாள் போனில், "ரிப்போர்ட்டு மேல் வீட்டு அலமாரியில இருக்குக்கா, நாளைக்குத் தேடி எடுத்தாரேன்" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி, கொண்டுவா என்று. நான் சொன்னது, "எதுக்கும்மா அலையிறே? நான் வெட்டுன பிளாக்கு எனக்குத் தெரியாதா?"

கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன். மீனாட்சி, சி., வலப்பக்க மார்பு, அந்த வருடம். முதலில் வந்தது நம்பர் 2117. அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து எடுத்தேன். கூட நின்ற பெண் நம்பரைச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். விதிப்படி எல்லாம் சரி. தப்பான நம்பரை இரண்டு பேர் சத்தம் போட்டுச் சொன்னால் அது சரியாகிவிடுமா என்ன!

ஜீன் சோதனைக்கு வெட்டுவது சாதாரண வெட்டு இல்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் புதுக் கத்தி. கைப்பிடி, மேஜை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கையுறை மாற்றி, பத்து மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். முன்னால் வெட்டின ஆளின் தூசு ஒட்டினால்கூடக் கணக்குத் தப்பிவிடும். டாக்டர் ஸ்லைடில் புற்று எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே மை பேனாவால் வட்டம் போடுவார். நான் அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்டிச் சின்னக் குழாயில் போடுவேன். சரிபார்க்க பிளாக்கையும் கூடவே அனுப்புவோம். ஒரு தூசு கலக்காமல் அன்றைக்கு நான் செய்த வேலை இருக்கிறதே, அவ்வளவு சுத்தம். ஆள்தான் மாறிப்போயிருந்தது.

இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. குறிகள் பொருந்தவில்லை, தனித்தனிப் புற்று. டாக்டர் டீயைச் சூடாகவே குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே ஆச்சிக்குப் போன் போட்டார். மதுரையிலிருந்து சர்ஜன் வருகிற வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆச்சி வீட்டிலிருந்து லேபுக்கு ஒரு தூக்கு நிறைய மனகோலம் என்கிற செட்டிநாட்டு இனிப்பு வந்தது. "அசலூர்க்காரன்தான்னு சொல்லிட்டாகளாம், எல்லாருக்கும் குடுக்கச் சொன்னாக" என்றார் கொண்டுவந்த டிரைவர். ஆச்சிக்கு டிரைவர் எதற்கு என்று எங்களுக்கு ஒரே சிரிப்பு. அன்றைய கூரியரில் சென்னையிலிருந்து பிளாக்குகளும் திரும்பி வந்திருந்தன. ஒரு வாய் மனகோலத்தைப் போட்டுக்கொண்டே 2117-ஐ அதன் இடத்தில் வைத்துவிட்டு, திரும்பி வந்ததாக எழுதப் பழைய ரிப்போர்ட் கட்டைப் பிரித்தேன். மீனாட்சி. வயது நாற்பத்தொன்பது. ஊர் பள்ளத்தூர்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நாற்பத்தொன்பது என்றால் இப்போது ஐம்பத்தாறு. நம் ஆச்சிக்கு அறுபத்து மூன்று.

மனகோலம் வாயில் அப்படியே நின்றுவிட்டது. முழு வருடத்தையும் தேடினேன். 2117-க்கு இரண்டு மாதம் தள்ளி இன்னொரு மீனாட்சி, சி. வயது ஐம்பத்தாறு, ஊர் காரைக்குடி. இருவரும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்று பிறகு தெரிந்தது. அண்ணன் தம்பி மக்கள், இருவருக்கும் ஒரே அப்பத்தாவின் பெயர். கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சிதம்பரம் என்று பெயர், அதனால் இனிஷியலும் ஒன்று. இரண்டு பேருக்கும் அதே பக்கம், அதே வகைப் புற்று. பள்ளத்தூர்க்காரரின் கட்டியையும் காரைக்குடிக்காரரின் கட்டியையும் வைத்துக்கொண்டு, உறவு இருக்கிறதா என்று நான் சென்னையில் கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதானே சொல்வார்கள்.

நான் டாக்டரிடம் போய் நின்றது புதன்கிழமை காலையில்.

திங்கள் மத்தியானத்துக்கும் புதன் காலைக்கும் நடுவில் என்ன செய்தேன் என்று மேடையில் நான் சொல்லவில்லை. ஒன்றும் செய்யவில்லை. வெட்டினேன், சாப்பிட்டேன், பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். ஒருவேளை சரியான பிளாக்கை அனுப்பினாலும் இதே பதில்தானே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆச்சி சந்தோஷமாக இருக்கிறார், எதற்குக் கெடுப்பது என்றுகூட நினைத்தேன். அது ஆச்சி மேல் இருந்த பிரியம் இல்லை, என் பெயர் கெட்டுவிடும் என்கிற பயம். பயம் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உமையாள் வந்து, ஆபரேஷனுக்கு முன்னால் சோதிக்க எடுத்த ஆச்சியின் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, "அக்கா, உங்க கை ராசிக்கை" என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்றைக்குக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "மேடம்" என்று ஆரம்பிப்பார், வேலை போகும் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரியான நம்பர் என்ன?"

"2386."

"2386" என்று திருப்பிச் சொன்னார். பிறகு, "அந்த ஸ்லைடுல வட்டம் போட்டது நான்தானே பஞ்சவர்ணம்மா. வயசைப் பாக்காம வட்டம் போட்டுட்டேன். கிளம்புங்க, ஆச்சி வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"போன்ல சொல்லிருவோமே சார்."

"நல்ல சேதியைத்தான் போன்ல சொல்லலாம்."

வீட்டு வாசலில் ஆச்சி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், உமையாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒன்றும் விடாமல் சொன்னார். பிளாக் மாறிவிட்டது, வந்த பதில் செல்லாது, மறுபடி பார்க்க வேண்டும், பதில் எப்படியும் இருக்கலாம், ஆபரேஷன் தள்ளிப்போகிறது. "எடுத்தது நான்தான் ஆச்சி, பேரைப் பாத்து எடுத்துட்டேன்" என்று நான் சொன்னேன். உமையாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராசிக்கை என்று முந்தின நாள் சொன்னவள் அவள்.

ஆச்சி ஈரத் துணியைப் பிழிந்தார். அதைக் கார் கண்ணாடி மேல் விரித்துப் போட்டார். பிறகு, "பள்ளத்தூர் மீனா கட்டியவா அனுப்புனீக?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "அவளுக்குத் தெரிஞ்சா, என்னையக் கேக்காம என் கட்டிய எப்படி மெட்ராசுக்கு அனுப்பலாம்னு சண்டைக்கு வருவாளே!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அது சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அழுகை வந்தது. பள்ளத்தூர்க்காரரிடமும் டாக்டரே போய் நடந்ததைச் சொன்னார். ஆச்சி சொன்னபடியே அவர் சண்டை போட்டார். அவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்.

2386-ஐ நானே வெட்டினேன். இந்தத் தடவை உமையாள் ரிப்போர்ட்டோடு பக்கத்தில் நின்று நம்பரைப் படித்தாள். படித்து முடித்ததும் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பதில் வந்தது. பழைய கட்டியில் ஐந்து குறிகள். புதுக் கட்டியில் அந்த ஐந்தும் இருந்தன, மேற்கொண்டு ஒன்று. வலப்பக்கத்து வீட்டாள்தான். பரவியிருந்தது.

டாக்டர் மறுபடி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆச்சி கேட்டது ஒரே கேள்விதான். "வீட்டாளுன்னா அவன் கொணம் நமக்குத் தெரியும்ல?"

"தெரியும் ஆச்சி. அந்த அஞ்சுல ஒரு குறிக்குன்னே மாத்திரை இருக்கு. உங்களுக்கு அது வேலை செய்யும்னு நம்புறோம். தப்பான ரிப்போர்ட்டை வச்சு அறுத்திருந்தா, இந்த மாத்திரையை யாரும் யோசிச்சே இருக்க மாட்டாங்க. உடம்பை அறுத்துப் போட்டுட்டுக் குணமாயிருச்சுன்னு உக்காந்திருப்போம்."

மாத்திரை வேலை செய்தது. நெறி சுருங்கியது, கட்டியும் சுருங்கியது. போகவில்லை, ஆனால் அடங்கிக் கிடக்கிறது. நாலு வருடம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் லேபில் நான் விதியை இன்னும் கெட்டியாக்கினேன். நம்பரோடு வயதையும் ஊரையும் சொல்ல வேண்டும். விலாசம் இருந்தால் அதையும் முழுசாகச் சொல்ல வேண்டும். அரைமணி வேலை ஒருமணி ஆயிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் காரணத்தை நானே சொல்லியிருந்தேன்.

அந்த இரண்டு நாளை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கட்டுரைக்காக எழுத உட்கார்ந்தபோது, அச்சில் ஆச்சி படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது என்று தோன்றியது. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். உமையாள்தான் காபி கொண்டுவந்தாள். இரண்டு பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்ச அன்னிக்கே நான் வரலை ஆச்சி. ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு தெரிஞ்சும் இருந்தேன்."

உமையாள் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆச்சி விரலை மடக்கி, திங்கள், செவ்வாய் என்று எண்ணிப் பார்த்தார்.

"ஏன் பஞ்சவர்ணம், கட்டி வந்ததுலருந்து இன்னிக்கு வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குனது அந்த ரெண்டு நாளுதான்" என்றார். "அப்ப அது நீங்க குடுத்ததா? காபியக் குடிங்க, ஆறுது."